பத்ரின் ஒட்டகமும் வாசலில் நிற்கும் மின்காரும்



விஸ்வநத்தத்திலும் சிவகாசியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும் பேட்டரி வண்டிகள் பெருகி வருகின்றன. முதலில் ஸ்கூட்டர்கள் வந்தன. இப்போது வசதி சற்றே கூடிய வீடுகளின் வாசலில் மின்கார்களும் நிற்கத் தொடங்கியுள்ளன. அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டுவிட்டது. இனி இவ்வண்டிகள் நமக்கு அயலானவை அல்ல. புகை குறைவு, இரைச்சல் குறைவு, ஓட்டும் செலவும் குறைவு என்பதால் இவற்றின் வரவை நாமும் வரவேற்கிறோம்.

ஆயினும் வண்டி வீட்டுக்கு வந்த பின் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே எழும் பிணக்கைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வண்டி ஒன்று, தேவையோ இருவருக்கு. சாவி மட்டும் ஒருவர் சட்டைப்பையில். மனைவி கேட்டால் முதலில் "சார்ஜ் இல்லை" என்பார், பிறகு "உனக்கு எதற்கு?" என்பார், இறுதியில் மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பார். அந்த மூன்றாவது விடைக்காகவே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. குடும்பத்திற்கென வாங்கிய வாகனத்தில் மனைவிக்கு முறை கொடுப்பது கணவனின் தயவு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது அவளுடைய உரிமை என்பதே நம் நிலைப்பாடு. அவ்வுரிமையை மறுப்போர் தம் சொந்த விருப்பத்தின் பேரால் மறுக்கட்டும். இஸ்லாத்தின் பேரால் மறுக்க வேண்டாம்.

பிணக்கின் ஊற்று

பெட்ரோல் வண்டிக்காகவும் வீடுகளில் சச்சரவு இருந்ததே, மின்காருக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். தனிச்சிறப்பு உண்டு. பெட்ரோல் கார் வெறுந்தொட்டியோடு இரவில் வீடு திரும்பினாலும், காலையில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு அடுத்தவர் புறப்பட்டுவிடலாம். மின்காரில் அது இயலாது. 2022-இல் அறிமுகமான டாட்டா டியாகோ மின்காரை எடுத்துக்கொள்வோம். அதன் இருவகை மின்கலங்களுள் பெரியது 24 யூனிட் கொள்ளளவு உடையது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் ஏறும். அடிமட்டத்திலிருந்து நிரம்ப எட்டு மணி நேரம் வேண்டும்.

சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். போய்வந்தால் நூற்று நாற்பதுக்கு மேல். குளிரூட்டியை இயக்கிக்கொண்டு வெயிலில் சென்று திரும்பும் சிறிய மின்காரில், வீடு சேரும்போது எஞ்சியிருப்பது சொற்பமே. கணவர் இரவு பதினொரு மணிக்கு வந்து, களைப்பில் பிளக்கைச் செருகாமல் உறங்கிவிட்டால், விடியலில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய மனைவியின் நாள் முந்திய இரவே பறிபோய்விட்டது. அவர் வண்டியைத் தர மறுக்கவில்லை. "எடுத்துக்கொள்" என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர் நீட்டுவது ஓடாத வண்டியின் சாவியை!

ஆகவே மின்வாகனத்தில் பங்கிட வேண்டியவை இரண்டு. ஒன்று வண்டி, மற்றொன்று அதனுள் இருக்கும் மின்னூட்டம். கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய நம் பகுதி மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. மேல்மடைக்காரர் முழுவதையும் பாய்ச்சிக்கொண்டு, கீழ்மடைக்காரரிடம் "வாய்க்கால் உன்னுடையதுதான்" என்று சொன்னால் அது நீதியாகுமா? மதீனாவில் வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தபோது, முதலில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன தீர்வு, தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டை வயலுக்கு நீரைத் திறந்துவிட வேண்டும் என்பதே. புகாரியில் இடம்பெற்றுள்ள அந்நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் நாம் கேட்டிருக்கிறோம். நம் வீட்டு பிளக்கிற்கு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை.

யாருடைய பொன், யாருடைய பெயர்?

நம் பகுதிக் குடும்பங்களில் பெருஞ்செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த இரகசியம். மனைவியின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. வளையலோ சங்கிலியோ விற்கப்படுகிறது. அல்லது அடகுக் கடைக்குப் போகிறது. முன்பணம் கட்டியாகிறது. ஆர்.சி. புத்தகத்தில் கணவர் பெயர் ஏறுகிறது. ஆறு மாதம் கழிந்த பின், "என் காரை நீ ஏன் எடுத்தாய்?" என்ற கேள்வி பிறக்கிறது.

இங்கே ஷரீஅத்தின் நிலை ஐயத்திற்கு இடமற்றது. மனைவியின் சொத்து மனைவியுடையதே. நிக்காஹ் நடந்ததால் அது கணவனுக்கு உரிமையாகிவிடாது. மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு கணவர்களுக்குக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம், அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே அதிலிருந்து உண்ணலாம் என்று வரம்பு கட்டுகிறது. அதே அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் ஆண்கள் சம்பாதித்தவற்றில் ஆண்களுக்கும், பெண்கள் சம்பாதித்தவற்றில் பெண்களுக்கும் பங்கு உண்டென்கிறது. மனைவியின் நகை வண்டிக்குள் போயிருந்தால் நிலைமை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அவள் அன்பளிப்பாகக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது கடனாகக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பங்காளியாகச் சேர்ந்திருக்க வேண்டும். எது என்பதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்? அவள் மௌனமாகக் கழற்றிக் கொடுத்ததை அன்பளிப்பு என்று நாமே பொருள் கொண்டுவிடுகிறோம். கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகராவின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அந்த நீளம் வியாபாரிகளுக்கு மட்டுந்தானா?

மறுபுறமும் ஒரு வேடிக்கை உண்டு. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு உழைக்கும் மகளிருக்கென இருசக்கர வாகன மானியத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மானியம். வேலைக்குச் செல்லும் பெண் தானே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தகைய சலுகைகளுக்காக மனைவியின் பெயரில் வண்டியை வாங்கிவிட்டு, அவளைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டியவர்களை நாம் பார்த்ததில்லையா? கையெழுத்துப் போட அவள் வேண்டும். ஓட்ட மட்டும் அவள் வேண்டாம். அரசிடம் ஒன்று சொல்லி வீட்டில் வேறொன்று செய்வது அமானத்தைப் பேணுவோர்க்கு அழகா?

"பெண் ஓட்டலாமா?"

பேச்சு இந்த இடத்திற்கு வந்ததும், பெண் வாகனம் ஓட்டுவது தகுமா என்ற பழைய கேள்வியைச் சிலர் எடுத்து வருவர். ஒட்டகம் ஏறும் பெண்களுள் குறைஷிப் பெண்களே சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். குழந்தைகளிடம் அவர்கள் காட்டும் பரிவையும், கணவரின் பொருளை அவர்கள் பேணிக் காக்கும் பாங்கையும் அதனோடு சேர்த்துச் சொன்னார்கள். புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள ஹதீஸ் இது. வாகனம் ஏறுவது அப்பெண்களின் பரிவுக்கோ பொறுப்புக்கோ முரணாக அங்கே கருதப்படவில்லை. ஓர் அடையாளமாக, பாராட்டோடு சேர்த்தே சொல்லப்பட்டது.

சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்ததைக் காட்டி, "பாருங்கள், அங்கேயே இல்லை" என்று பல்லாண்டுகள் வாதிட்டவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருந்தனர். 2018 ஜூன் 24 அன்று அத்தடை நீங்கிற்று. அன்றோடு மார்க்கம் மாறிவிட்டதா? மாறவில்லை. மாறியது அந்நாட்டின் நிர்வாக ஆணை. ஒரு நாட்டின் வழக்கத்தை அல்லாஹ்வின் சட்டமாக உயர்த்திப் பிடித்தவர்கள், அவ்வழக்கம் கைவிடப்பட்ட பின்னர் விளக்கம் எதுவும் தரவில்லை.

மஹ்ரம் துணையின்றிப் பெண் பயணம் செய்யலாகாது என்ற ஹதீஸ்களைக் காட்டுவோர்க்கும் ஒரு சொல். அவற்றை நாம் மறுக்கவில்லை. அவை நெடும்பயணத்தைப் பற்றியவை. தூரம் எவ்வளவு, பாதுகாப்பு உறுதியான காலத்தில் நிலை என்ன என்பன குறித்து மார்க்க அறிஞர்களிடையே விரிவான விவாதம் உண்டு. அவ்விவாதத்திற்குள் நாம் நுழையவும் தேவையில்லை. விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக் கடைத்தெருவுக்குப் போவது ஸஃபர் அன்று. அதற்காக எவரும் தொழுகையைச் சுருக்குவதில்லை. தொழுகையைச் சுருக்க இடமளிக்காத தூரம், மனைவியின் சாவியைப் பறிப்பதற்கு மட்டும் எப்படி நெடும்பயணமாகிறது? முன்பின் அறியாத ஓட்டுநரின் ஆட்டோவில் அவள் தனியே செல்வதற்கு ஆட்சேபம் இல்லை. தன் வீட்டுக் காரில், தன் பிள்ளைகளுடன், தானே ஓட்டிச் செல்வதற்குத்தான் ஆட்சேபம். இதில் பேணுதல் எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே ஓலா நிறுவனம் அமைத்த மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை முழுக்கப் பெண்களாலேயே இயக்கப்படும் என்று 2021-இல் அந்நிறுவனம் அறிவித்தது. மின்வண்டியைப் பூட்டி இணைக்கும் திறன் பெண்ணுக்கு உண்டென்று தொழிலதிபர் நம்புகிறார். அதை ஓட்டும் திறன் தம் மனைவிக்கு உண்டென்று நம் சகோதரர் நம்பத் தயங்குகிறார்.

பத்ரில் நடந்தது

முறைவைத்து வாகனம் ஏறுவதற்கு நம் வரலாற்றில் இருக்கும் முன்மாதிரி வேறெந்தச் சமுதாயத்திற்கும் எளிதில் வாய்க்காதது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருக்குப் புறப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் பேரிடம் ஏறக்குறைய எழுபது ஒட்டகங்களே இருந்தன என்று சீரா நூல்கள் கூறுகின்றன. எனவே மூவருக்கு ஓர் ஒட்டகம் என்ற அளவில் முறைவைத்து ஏறினார்கள். நபி (ஸல்) அவர்களுடன் அலீ (ரலி), அபூலுபாபா (ரலி) ஆகிய இருவரும் ஒரே ஒட்டகத்தைப் பகிர்ந்துகொண்டனர். நபியவர்கள் நடக்க வேண்டிய முறை வந்தபோது, தங்களுக்குப் பகரமாக நாங்களே நடக்கிறோம் என்று இருவரும் வேண்டினர். நபியவர்கள் ஏற்கவில்லை. நீங்கள் இருவரும் என்னைவிட வலிமை மிக்கவர்கள் அல்லர். நற்கூலி தேவைப்படுவதில் நானும் உங்களுக்குக் குறைந்தவன் அல்லன் என்ற கருத்தில் மறுமொழி பகர்ந்தார்கள். இது முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

அந்தப் பயணத்தில் படைத்தலைவர் யார்? அல்லாஹ்வின் தூதர். கேட்டது யார்? உயிரையும் கொடுக்கத் துணிந்த தோழர்கள். விட்டுக்கொடுக்க அவர்கள் மனமார முன்வந்த பின்பும், தம் முறை வந்ததும் நபியவர்கள் இறங்கி நடந்தார்கள். நம் வீட்டிலோ எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்கவே அஞ்சிப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கெழுதிவிட்டு, "நான் குடும்பத் தலைவன்" என்று ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறோம். தலைமை என்பது முறையைக் கடைப்பிடிக்கும் கடமையிலிருந்து விடுதலை தருமென்றால், பத்ரின் மணலில் நபியவர்கள் நடந்திருக்கத் தேவையில்லை.

இருவருக்குப் பொதுவான பொருளை முறைவைத்துப் பயன்படுத்துவதற்கு ஃபிக்ஹு நூல்களில் ஒரு தனிப்பெயரே உண்டு: முஹாயஆ. ஒரு வீட்டில் இருவர் பங்காளிகளாயின் காலத்தைப் பிரித்துக்கொண்டு அனுபவிப்பது, ஒரு வாகனத்தை நாள் பிரித்து ஏறுவது போன்றவற்றை அறிஞர்கள் அத்தலைப்பில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, வாராந்திரமாக முறை எழுதிக்கொள்ளும் தம்பதியர் மேற்கத்திய நாகரிகத்தைப் பின்பற்றுவதாக எவரும் ஏளனம் செய்ய வேண்டாம். நம் நூல்களில் இருப்பதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் செய்தியும் புகாரியில் உண்டு. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலைச்சுமையாக, ஒரு ஃபர்ஸக்கில் மூன்றில் இரு பங்கு தூரம், அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக நடந்து கொண்டுவருவார்கள். வழியில் ஒருநாள் சந்தித்த நபி (ஸல்) அவர்கள், அவரைத் தம் பின்னே ஏற்றிக்கொள்ள ஒட்டகத்தை அமரச் செய்தார்கள். ஸுபைரின் ரோஷத்தை எண்ணி அஸ்மா நாணி நின்றுவிட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது ஸுபைர் என்ன சொன்னார்? நீ நபியவர்களுடன் ஏறி வந்திருப்பதைவிட, நீ சுமை தூக்கி நடப்பதே எனக்குக் கடினமாக இருக்கிறது என்றார். ரோஷத்திற்குப் பெயர்பெற்ற நபித்தோழர் அவர். மனைவி வாகனம் ஏறுவதைக் காட்டிலும் அவளது சுமையே அவரை உறுத்தியது. நம் ரோஷமோ மனைவி ஸ்டியரிங்கைத் தொட்டால் எழுகிறது. கொளுத்தும் வெயிலில் ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் அரிசிப் பையுமாகப் பேருந்து நிறுத்தத்தில் அவள் நிற்கும்போது உறங்கிவிடுகிறது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து தம் முழங்காலை வைத்துக்கொடுத்தார்கள். அதன்மீது கால் வைத்து அன்னையார் ஏறினார்கள். படை முழுதும் சூழ்ந்திருந்த பயணம் அது. மனைவி வாகனம் ஏறத் துணைநிற்பது ஸுன்னத் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மனைவியருக்கும் ஒரு சொல்

வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நீதியாகாது. ஓரகத்தி வீட்டில் மின்கார் வந்துவிட்டது என்பதற்காகத் தம் வீட்டிலும் வேண்டுமென்று மல்லுக்கட்டும் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஸ்கூட்டர் போதுமான குடும்பம், காருக்காக வட்டிக் கடனில் விழுகிறது. ஒரு காரை முறைவைத்து ஓட்ட மனமின்றி, ஆளுக்கொன்று என்று இரண்டாவதற்கும் தவணை கட்டுவோர் உண்டு. ஒருவரையொருவர் மிஞ்சிப் பெருக்கிக்கொள்ளும் ஆசை மண்ணறை வரை மனிதரை மயக்குகிறது என்று எச்சரிக்கும் அத்தகாஸுர் அத்தியாயம், தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சிறு அத்தியாயங்களுள் ஒன்று. வட்டியில் வாங்கிய இரண்டாவது கார் வாசலில் நிற்பதைவிட, ஹலாலான ஒரு வண்டியை இருவர் பங்கிடுவது எவ்வளவோ மேல்.

சம்பாதிக்கும் மனைவி, மின்கட்டணத்தில் தன் பங்கைத் தானாக முன்வந்து ஏற்றால் அது அவளுக்குச் சிறப்பு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி), கணவருக்காகச் செலவிடுவது தர்மமாகுமா என்று வினவியபோது, உறவைப் பேணியதற்கு ஒன்றும் தர்மத்திற்கு ஒன்றுமாக இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஆனால் அது கட்டாயமன்று. வீட்டுச் செலவு கணவன் மீதான கடமை. வீட்டு மின்சாரத்தில் ஒரு பகுதி தமிழகத்தில் இலவசம். கார் சார்ஜ் ஏறத் தொடங்கினால் அந்த இலவசம் எந்த மூலைக்கும் காணாது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். கட்டணச் சீட்டு வரும் நாளில் "நீ ஓட்டியதால்தான்" என்று ஒருவரையொருவர் குத்திக்காட்டாமல், முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நலம்.

போட்டியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். முன்னைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இந்நிகழ்ச்சியில் வென்றவர் செருக்குறவில்லை. தோற்றவர் வஞ்சம் வைக்கவில்லை. ஒரு சார்ஜில் அதிகத் தூரம் சிக்கனமாக ஓட்டுபவர் யார் என்று தம்பதியர் போட்டியிடட்டும். மற்றவருக்காக அதிக மின்னூட்டம் விட்டுவைப்பவர் யார் என்றும் போட்டியிடட்டும். நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு குர்ஆனே ஏவுகிறதன்றோ!

தீப்பொறியின் விலை அறிந்த ஊர்

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் சோறு போடும் பகுதி நம்முடையது. மருந்து அறையில் ஒரு சிறு உராய்வு என்ன செய்யும் என்பதை இங்கே பிள்ளைகளும் அறிவர். அத்தகைய ஊரில் மின்வண்டியை எங்கே, எப்படிச் சார்ஜ் போடுகிறோம் என்பது உயிரோடு தொடர்புடையது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, அதன் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பிணக்கு மிகுந்த வீட்டில் இந்த ஆபத்தும் மிகும். "காலையில் எனக்கு வண்டி வேண்டும்" என்ற அவசரத்தில், வெயிலில் ஓடிச் சூடேறிய மின்கலத்தை ஆறவிடாமல் செருகுவர். காருக்குரிய தனி இணைப்பு தொலைவில் இருந்தால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியை இழுப்பர். அட்டைப் பெட்டிகளும் காகிதக் கட்டுகளும் அடுக்கிய நடையிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டு உறங்கப் போவர். முறை எழுதி வைத்த வீட்டில் இந்த அவசரங்களுக்கு இடமில்லை. யார் எப்போது செருகுவது, யார் எடுப்பது என்பது முன்பே தெளிவாக இருக்கும். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றென்று ஓதுகிறோம். அதற்கான வேலை பிளக்கிலிருந்து தொடங்குகிறது.

இல்லங்களில் செய்யத் தக்கவை

முதலாவது, வாங்குவதற்கு முன்பே இருவரும் கலந்தாலோசிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்துவதற்குக் கூடப் பெற்றோர் இருவரின் மனவொப்புதலும் ஆலோசனையும் வேண்டும் என்று அல்பகராவின் 233-ஆம் வசனம் கூறுகிறது. பல இலட்ச ரூபாய் வண்டிக்கு அது வேண்டாமா?

இரண்டாவது, மனைவியின் பொன்னோ பணமோ சேர்ந்திருந்தால் அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அன்பில் சந்தேகம் வந்ததால் எழுதுவதாக எவரும் எண்ண வேண்டாம். அல்லாஹ் சொன்னதால் எழுதுகிறோம்.

மூன்றாவது, இருவருக்கும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத மனைவிக்கு முறை கொடுப்பதாகச் சொல்வது வெறும் பேச்சு. கற்றுக்கொடுக்கும் பொறுமை கணவருக்கு இல்லையெனில், பயிற்சிப் பள்ளிக்குரிய கட்டணத்தைக் கொடுக்கட்டும்.

நான்காவது, தேவைகளை வரிசைப்படுத்த வேண்டும். மருத்துவம் முதலில், முதியோரும் பிள்ளைகளும் அடுத்து, இருவரின் பிழைப்பும் சமமாக அதற்கடுத்து, வசதி பிறகு, உல்லாசம் கடைசியில். கணவரின் நண்பர் சந்திப்பு "வேலை" என்றும், மனைவி தன் தாயைப் பார்க்கப் போவது "ஊர் சுற்றல்" என்றும் பெயர் சூட்டும் பழக்கம் ஒழிய வேண்டும்.

ஐந்தாவது, வண்டியை ஒப்படைக்கும்போது அடுத்தவரின் மறுநாள் தேவைக்குப் போதிய மின்னூட்டத்தோடு ஒப்படைக்க வேண்டும். குறைவாகக் கொண்டுவந்தவர், தம் களைப்பைக் காரணம் காட்டாமல், தாமே செருகிவிட்டு உறங்க வேண்டும். அற்பப் பொருளையும் பிறருக்கு மறுப்போரைக் கண்டிக்கும் அல்மாஊன் அத்தியாயத்தை ஓதிவிட்டு, வீட்டிலுள்ளவளுக்கு இருபது கிலோமீட்டர் மின்னூட்டத்தை மறுப்பவரை என்னவென்று சொல்வது?

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. நிக்காஹ் தஃப்தரில் மஹரை எழுதுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அந்த மஹர் பத்தாண்டுக்குப் பின் எந்த வண்டியின் சக்கரமாக ஓடுகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மணமக்களுக்கு நிகழ்த்தும் அறிவுரைகளில் பேச வேண்டும். பிணக்கோடு ஜமாஅத்துக்கு வரும் தம்பதியரிடம், "அனுசரித்துப் போம்மா" என்று மனைவியை மட்டும் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மணவிலக்கில் பிரியும் தருவாயிலும் ஒருவருக்கொருவர் பெருந்தன்மை காட்ட மறவாதீர்கள் என்று அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். சேர்ந்து வாழ்வோர் அதை மறப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மனைவியின் முறை வரும் நாளில் சகோதரர்கள் பேருந்திலோ நடந்தோ சென்று பழகட்டும். இறங்கி நடப்பதால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் பத்ரின் பாதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் அன்பையும் நீதியையும் நிலைபெறச் செய்வானாக! நம் வாகனங்களையும் அவற்றில் பயணம் செய்வோரையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.